தோண்டாமல் விட்ட கிழங்கு

1844 அக்டோபரில் அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் சில விவசாயிகள் உருளைக்கிழங்கைத் தோண்டாமல் மண்ணிலேயே விட்டுவிட்டார்கள். 22ஆம் தேதி இயேசு திரும்பி வருவார், உலகம் முடியும் என்று நம்பியவர்களுக்குக் குளிர்காலச் சேமிப்பு எதற்கு?

இந்த எதிர்பார்ப்பைத் தொடங்கிவைத்தவர் நியூயார்க் மாநிலத்து விவசாயி வில்லியம் மில்லர். தானியேல் புத்தகத்தில் வரும் 2300 நாட்களை ஆண்டுகளாகக் கொண்டு, கி.மு. 457இலிருந்து எண்ணி, முடிவு 1843 வாக்கில் என்றார். 1844 மார்ச்சில் அந்தக் கெடு கடந்துபோனது. ஆகஸ்டில் சாமுவேல் ஸ்னோ என்ற போதகர் யூதர்களின் பாவநிவாரணப் பண்டிகையை வைத்துக் கணக்கிட்டு, அக்டோபர் 22 என்று நாளையே குறித்துக் கொடுத்தார். தயங்கிய மில்லரும் கடைசியில் ஒப்புக்கொண்டார்.

இரவெல்லாம் விழித்திருந்தார்கள். பொழுது விடிந்தது.

அழுது தீர்த்த ஒரு வீட்டிலிருந்து, காத்திருந்தவர்களில் ஒருவரான ஹைரம் எட்சன் மறுநாள் காலை சோளக்கொல்லை வழியே நடந்தார். வழியில் அவருக்கு ஒன்று புலப்பட்டது: நாள் தப்பவில்லை, அன்று நடந்தது வேறு. பரலோகத்துப் பரிசுத்த ஸ்தலத்தில் கிறிஸ்து தம் இறுதி ஊழியத்தைத் தொடங்கியிருக்கிறார். மண்ணில் நடக்காததைக் கண்ணால் பார்த்துவிடலாம். விண்ணில் நடந்ததை யார் பார்ப்பது?

ஆனால் இந்த விளக்கம் மட்டுமே அவர்களைக் காப்பாற்றியது என்றால் அது பாதி உண்மைதான். பலர் விலகிப்போனார்கள். மில்லர் காத்திருந்தபடியே 1849இல் இறந்தார். எஞ்சியவர்களில் பலர் ஏற்கெனவே பழைய சபைகளை விட்டு வந்தவர்கள், அல்லது அங்கிருந்து நீக்கப்பட்டவர்கள். ஊர் ஏளனம் செய்தது. அந்த வேதனையைப் புரிந்துகொள்ள ஒருவருக்கு மற்றவரே மிச்சம். அவர்களை மூடர்கள் என்று தள்ளிவிடுவது அநியாயம்.

அத்துடன் அவர்களுக்குச் செய்வதற்கு ஒரு காரியமும் கிடைத்தது. முன்னாள் கப்பல் தலைவர் ஜோசப் பேட்ஸ் போன்றவர்களின் பிரசாரத்தால் சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரிக்கத் தொடங்கினார்கள். ஒரே முறை வரவேண்டிய நாள் வராமல் போனவர்களுக்கு, வாரந்தோறும் தவறாமல் வரும் ஒரு நாள். 1863இல் ஏழாம் நாள் அட்வெந்து சபை முறைப்படி அமைந்தபோது உறுப்பினர்கள் சுமார் 3,500 பேர். இன்று 2 கோடிக்கும் மேல்.

இந்தச் சனிக்கிழமைக்குத் தமிழ்நாட்டிலும் ஒரு தொடர்பு உண்டு. தென்தமிழகத்து நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்தில் அருமைநாயகம் சட்டாம்பிள்ளை, ஆங்கிலிக்கன் மிஷனரிகளோடு முரண்பட்டு 1850களில் தனிச்சபை கண்டவர். அவருடைய சபையாரும் சனிக்கிழமையையே ஓய்வுநாளாக ஆசரித்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அட்வெந்து மிஷனரிகள் தமிழ்நாட்டில் காலூன்றிய இடங்களில் அந்த ஊரும் ஒன்று.