பழைய கணினிக்குப் பென் டிரைவ் வேகம் கொடுக்குமா?

பிளஸ் டூ படித்தபோது பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த மடிக்கணினி, கரும்புக்கடை, குனியமுத்தூர் பக்கம் பல வீடுகளில் இன்னும் அலமாரியில் கிடக்கிறது. இலவச மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. ஆரம்ப ஆண்டுகளில் வந்தவற்றில் 2 ஜிபி ரேமும் 320 ஜிபி ஹார்ட் டிஸ்க்கும் இருந்தன. அன்று அது போதும். இன்று ஆன் செய்துவிட்டு அடுப்பில் டீ வைத்துக் குடித்து முடித்தாலும் திரை முழுதாக வந்திருக்காது. அண்ணன் படித்த கருவியில் தங்கை படிக்க வேண்டிய நிலை வரும்போதுதான், "ஒரு பென் டிரைவ் செருகிவிட்டால் வேகமாகிவிடுமாமே அத்தா?" என்ற கேள்வி வருகிறது.

அது முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை.

கணினி ஏன் திணறுகிறது என்று முதலில் பார்ப்போம். ரேம் என்பது வேலை செய்யும் மேசை. ஹார்ட் டிஸ்க் என்பது அலமாரி. மேசை சிறியதாக இருந்தால் ஒவ்வொரு காகிதத்துக்கும் அலமாரிக்கு எழுந்து போய் வரவேண்டும். ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே ஒரு தட்டு சுழல்கிறது. மடிக்கணினிகளில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று. அதன் மேல் ஓர் ஊசிமுனை நகர்ந்து தகவலைத் தேடுகிறது. ஒரு துண்டுத் தகவலைத் தேடிப் பிடிக்க, சுமாராக ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு நேரம் ஆகும். கேட்பதற்குக் குறைவுதான். ஆனால் ஒரு நிரலைத் திறக்க ஆயிரக்கணக்கான துண்டுகள் தேவைப்படுகின்றன. பென் டிரைவிலும் மெமரி கார்டிலும் இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்தில் சுழலும் பாகம் எதுவும் இல்லாததால், சிறு துண்டுகளை அது உடனே எடுத்துக் கொடுத்துவிடும். ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் ஃபூஜியோ மசுவோகா 1980களில் கண்டுபிடித்த நினைவகம் இது.

இந்த வித்தியாசத்தைப் பயன்படுத்தி மைக்ரோசாஃப்ட் கொண்டு வந்த வசதிதான் 'ரெடிபூஸ்ட்'. 2007 ஜனவரியில் விண்டோஸ் விஸ்டாவுடன் பொதுமக்களுக்கு வந்தது. அடிக்கடி தேவைப்படும் சிறு துண்டுகளின் நகலைப் பென் டிரைவில் வைத்துக்கொண்டு அங்கிருந்து படிக்கும். பெரிய, தொடர்ச்சியான கோப்புகளை வழக்கம்போல ஹார்ட் டிஸ்க்கிலிருந்தே எடுக்கும், ஏனென்றால் அந்த வேலையில் ஹார்ட் டிஸ்க் சளைத்ததல்ல. பென் டிரைவில் இருப்பது நகல் மட்டுமே என்பதால் குழந்தை இழுத்துப் பிடுங்கினாலும் எதுவும் அழியாது. தகவல் சங்கேதமாக்கப்பட்டு எழுதப்படுவதால், பென் டிரைவ் தொலைந்தாலும் எடுத்தவர் அதைப் படிக்க முடியாது.

பலன் எவ்வளவு? விஸ்டா வந்த காலத்தில் 512 எம்பி ரேம் கொண்ட கணினியில் ஒரு சோதனை நடந்தது. 11.7 நொடி பிடித்த ஒரு வேலை, 1 ஜிபி ரெடிபூஸ்ட் சேர்த்ததும் 2 நொடியாகக் குறைந்தது. பிரமாதம்தான். ஆனால் பென் டிரைவே இல்லாமல் ரேமை 1 ஜிபியாக உயர்த்தியபோது அதே வேலை 0.8 நொடியில் முடிந்துவிட்டது. ரேமின் இடத்தைப் பென் டிரைவ் பிடிக்காது. 4 ஜிபி ரேம் இருக்கும் கணினியில் ரெடிபூஸ்ட் போட்டு வித்தியாசத்தைத் தேடினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான்.

ஆகவே, கையில் சும்மா கிடக்கும் பென் டிரைவ் இருந்து, ரேம் 1 அல்லது 2 ஜிபிதான் என்றால் செய்து பாருங்கள். அதற்கென்று புதிதாக வாங்க வேண்டாம். பென் டிரைவில் உள்ளதை வேறிடத்தில் பத்திரப்படுத்திவிட்டுக் கணினியிலேயே நேரடியாகச் செருகவும். அதன் மீது வலது சொடுக்கி 'ப்ராப்பர்ட்டீஸ்' சென்று, 'ரெடிபூஸ்ட்' என்ற பகுதியில் முழு இடத்தையும் ஒதுக்கும் தேர்வைக் கொடுத்து 'அப்ளை' செய்யவும். ரேமைப் போல ஒன்றிலிருந்து இரண்டரை மடங்கு வரை இடம் போதும். பென் டிரைவ் மந்தமானது என்றால் விண்டோஸே மறுத்துவிடும். நடைபாதையில் '2 டிபி' என்று நூறு இருநூறுக்கு விற்பவற்றை இதற்கு மட்டுமல்ல, எதற்குமே நம்பாதீர்கள். உள்ளே சில ஜிபி மட்டுமே வைத்து, அதிகம் இருப்பதாகக் காட்டும்படி மாற்றியிருப்பார்கள்.

உண்மையான மாற்றம் வேண்டுமென்றால் அதே ஃபிளாஷ் நினைவகத்தை வெளியே தொங்கவிடாமல் உள்ளே வைக்க வேண்டும். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் எஸ்எஸ்டி போடுவதுதான் அது. பழைய மடிக்கணினிக்கு 2.5 அங்குல 'சாட்டா' வகை வேண்டும். குச்சி போல இருக்கும் 'எம்.2' வகை பெரும்பாலும் பொருந்தாது. 240 அல்லது 256 ஜிபி ஒரு வீட்டுக்குத் தாராளம். திருப்பூரில் வீட்டோடு சிறு யூனிட் வைத்து டேலியில் கணக்கு எழுதுபவர்களின் பழைய மேசைக் கணினிக்கும் இதுவே பொருந்தும். எஸ்எஸ்டி போட்டபின் ரெடிபூஸ்ட் தேவையில்லை. இந்த வட்டே போதிய வேகம் என்று விண்டோஸே சொல்லிவிடும்.

ரேம் கூட்டும் முன் ஒன்றைக் கவனிக்கவும். மடிக்கணினியில் 'விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர்' இருந்தால் அது 2 ஜிபிக்கு மேல் ரேமைப் பயன்படுத்தாது. கூடுதலாகப் போட்டாலும் காசு வீண். விண்டோஸ் 7க்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10க்கான வழக்கமான புதுப்பிப்பு 2025 அக்டோபர் 14 அன்றும் நின்றுவிட்டன. இந்தக் கருவிகளுக்கு விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. படிப்புக்கும் இணையத்துக்கும் மட்டும்தான் என்றால் இலகுவான ஒரு லினக்ஸைப் போடுவதே நல்லது. அரசு மடிக்கணினிகளில் பாஸ் லினக்ஸும் சேர்த்தேதான் கொடுத்தார்கள். நாம்தான் அதைத் திறந்தே பார்க்கவில்லை.

காந்திபுரம் பக்கம் கடையில் கொடுத்து மாற்றினால், கழற்றிய ஹார்ட் டிஸ்க்கைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். குடும்பப் படங்கள், ஆதார், வங்கிக் காகிதங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அழித்தாலும் மீட்டெடுக்கும் மென்பொருள்கள் உண்டு. ஓர் உறையில் போட்டு யுஎஸ்பி வழியாக இணைத்தால் அதுவே கூடுதல் சேமிப்பு. எஸ்எஸ்டி பழுதாகும்போது சத்தம் கொடுக்காது, ஒரு நாள் திடீரென்று நின்றுவிடும். அதனால் நிக்காஹ் படங்களின் இன்னொரு பிரதி அந்தப் பழைய தட்டிலேயே இருக்கட்டும்.