லித்தியமும் பெண்ணுடலும்

இருமுனைப் பிறழ்வுக்காக நான் தினமும் விழுங்கும் லித்தியம் ஓர் உப்பு. 1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் அதன் பலனை உலகுக்கு அறிவித்தார். முன்னாள் படைவீரர்களுக்கான மனநல மருத்துவமனையில் அவர் அதைக் கொடுத்த முதல் நோயாளி 51 வயது ஆண். கருவிலுள்ள குழந்தையை அது என்ன செய்யும் என்று அறிய டென்மார்க்கில் பதிவேடு தொடங்கியது 1960களின் இறுதியில்தான்.

இதே நோய்க்குத் தரப்படும் வால்ப்ரோயேட் கருவைச் சிதைக்கக்கூடும் என்பது 1980களிலேயே தெரியும். ஆனால், கருத்தரிக்கக்கூடிய பெண்களுக்குக் கருத்தடை ஏற்பாடின்றி அதைத் தரக்கூடாது என்று பிரிட்டன் விதித்தது 2018இல்.

இதற்காக மாத்திரையைத் தூக்கியெறியச் சொல்லவில்லை. லித்தியத்தைத் திடீரென நிறுத்தினால் நோய் வேகமாகத் திரும்பக்கூடும், நானும் நிறுத்தப்போவதில்லை. இரத்தத்தில் மருந்தின் அளவு, தைராய்டு, சிறுநீரகம் மூன்றையும் தவறாமல் சோதிக்கச் சொல்கிறேன். பிள்ளை பெறும் எண்ணம் உண்டா என்று கணவரிடமோ மாமியாரிடமோ கேட்காமல், என்னிடம் கேட்டபின் மருந்து எழுதச் சொல்கிறேன்.