பானுமதி வள்ளி வேஷம் கட்டியிருந்தால்

மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடி வட்டாரத்துக் கோயில் திருவிழாக்களில் இன்றும் ‘வள்ளி திருமணம்’ விடிய விடிய நடக்கிறது. பபூனும் டான்ஸும் கூட்டத்தைச் சிரிக்கவைத்துவிட்டு உள்ளே போன பிறகுதான் கதை சூடு பிடிக்கும். தினைப்புனத்தில் கவணோடு நிற்கும் வள்ளிக்கு எதிரே நாரதர் வந்து நிற்பார். தர்க்கம் தொடங்கும். அவர் ஒரு பாட்டில் மடக்குவார், இவள் ஒரு பாட்டில் அவிழ்ப்பாள். ஒரு மணி நேரமானாலும் முன்வரிசைப் பாட்டிகள் எழுந்து போக மாட்டார்கள். மேடையோரம் ஆர்மோனியப் பெட்டிக்காரர் சுருதி பிடித்துக்கொண்டு காத்திருப்பார். டைரக்டர் கிடையாது, ஒத்திகை கிடையாது. ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்தும் வந்து, அன்றிரவுதான் மேடையில் சேர்ந்து நிற்கிறார்கள். வள்ளிக்குத் துணை அவளுடைய தொண்டையும் சமயோசிதமும் மட்டுமே.

வள்ளி நிற்கும் அந்தப் பரணில் எந்தச் சினிமா நடிகையை ஏற்றிப் பார்க்கலாம்? பொழுதுபோக்காகத் தோன்றும் இந்தக் கேள்விக்குத் தமிழ் நாடக வரலாறு தெளிவான அளவுகோல் ஒன்றை வைத்திருக்கிறது. இசை நாடகத்தில் வேஷத்தை முடிவு செய்தது முகம் இல்லை, குரல்.

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய நாடகங்களைப் பார்த்தால் இது விளங்கும். வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன், அல்லி அர்ஜுனா எல்லாவற்றிலும் கதையை நகர்த்துவது பாட்டுதான். கோபம், கெஞ்சல், கேலி, சாபம் எல்லாம் மெட்டுக்குள் வந்தாக வேண்டும். 1918இல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவில் சிறுவர்களே எல்லா வேஷமும் கட்டினார்கள். ஸ்திரீபார்ட் கட்டிய பையனுக்கு மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் அந்த வேஷம் அவனை விட்டுப் போய்விடும். முகம் அப்படியே இருந்தாலும் பயனில்லை. அந்தக் காலத்துப் பாய்ஸ் கம்பெனிகளில் பல பையன்களின் கண்ணீருக்கு இந்த மகரக்கட்டு காரணமாக இருந்திருக்கிறது.

பெண்கள் மேடையேறியபோதும் அளவுகோல் மாறவில்லை. கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே வைத்துக் கம்பெனி நடத்தினார். பின்னர் கொடுமுடியிலிருந்து கே.பி. சுந்தராம்பாள் வந்தார். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கும் சொல் சொல்லாகக் கேட்கும் குரல் அவருடையது. இலங்கையில் நாடகமாடச் சென்றிருந்த காலத்தில் எஸ்.ஜி. கிட்டப்பாவோடு ‘வள்ளி திருமண’த்தில் சேர்ந்து நின்றார். ஈடுகொடுத்துப் பாடக்கூடிய இரண்டு குரல்களைக் கேட்கவே ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். மேடைத் துணை வாழ்க்கைத் துணையும் ஆனது. 1933இல் கிட்டப்பா இறந்தார். அப்போது சுந்தராம்பாளுக்கு வயது 25. வெள்ளைச் சேலை உடுத்தி ஒதுங்கியவரைச் சினிமா லட்ச ரூபாய் கொடுத்து அழைத்தது. 1935இல் வந்த ‘நந்தனார்’ படத்தில் அவர் ஏற்றது ஆண் வேஷம். அடுத்து மணிமேகலை, 1953இல் ஔவையார். காதலிக்கிற நாயகி எவளும் இந்த வரிசையில் இல்லை. துயரமும் பக்தியும் அவருடைய வேஷங்களைத் தேர்ந்தெடுத்தன. ஆனாலும் ஓர் ஆணாகவும் ஒரு கிழவியாகவும் அவரை மக்கள் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டதற்கு அந்தக் குரல்தான் காரணம். அதே ஔவையார் வேஷத்தை நாடக மேடையில் கட்டிப் புகழ்பெற்றவர் டி.கே. சண்முகம் என்ற ஆண் என்பதையும் இங்கே சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

வள்ளி சினிமாவுக்குப் போன கதை இன்னும் சுவையானது. 1933இல் வந்த ‘வள்ளி திருமணம்’ படத்தில் டி.பி. ராஜலட்சுமி வள்ளியாக நடித்தார். மேடையில் பழகிய தொண்டை அவருடையது. நடித்தவரே பாடினார். அடுத்து 1945இல் ஏவி.எம். ‘ஸ்ரீவள்ளி’ எடுத்தது. முருகனாக டி.ஆர். மகாலிங்கம், வள்ளியாகக் குமாரி ருக்மிணி. மகாலிங்கத்தின் பாட்டுக்கு ஊரே மயங்கியது. ஆனால் ருக்மிணியின் பாட்டு ஏவி.எம். அதிபர் மெய்யப்பனுக்குத் திருப்தி தரவில்லை. பி.ஏ. பெரியநாயகியைப் பாடவைத்து அந்தக் குரலை ருக்மிணியின் வாயசைப்பில் பொருத்தினார்கள். 1938இல் ‘நந்தகுமார்’ படத்திலேயே மெய்யப்பன் பின்னணிக் குரலைச் சோதித்துப் பார்த்திருந்தார். என்றாலும் தமிழ் மேடையின் பாட்டுக்காரி வள்ளியையே முகம் ஒருவர், குரல் ஒருவர் என்று இரண்டாகப் பிரித்தது பெரிய திருப்பம். 1961இல் மறுபடியும் ஒரு ‘ஸ்ரீவள்ளி’ வந்தது. சிவாஜி கணேசன் முருகன், பத்மினி வள்ளி. பழைய முருகன் மகாலிங்கம் இந்த முறை நாரதராக வந்து சொந்தக் குரலில் பாடினார். பத்மினி ஆடினார், நடித்தார், அவருக்காக இன்னொருவர் பாடினார்.

பத்மினியையோ நடிகையர் திலகம் சாவித்திரியையோ இதனால் குறைத்துச் சொல்ல முடியாது. சாவித்திரியின் கண்ணசைவில் ஒரு நாடகமே நடக்கும். ஆனால் கேள்வி இசை நாடக மேடையைப் பற்றியது. பெட்டிக்காரர் சுருதி கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கும்போது வாயைத் திறந்து பாடியாக வேண்டும். ஐம்பதுகளின் பெரிய கதாநாயகிகளில் இந்தச் சோதனைக்கு நிற்கக்கூடியவர் என்று முதலில் நினைவுக்கு வருபவர் பி. பானுமதி.

ஓங்கோல் பக்கத்தில் 1925இல் பிறந்த பானுமதிக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுத்தவர் தந்தை. 1939இல் வந்த முதல் படம் ‘வரவிக்ரயம்’ வரதட்சணைக் கொடுமையைப் பேசிய புகழ்பெற்ற தெலுங்கு மேடை நாடகத்தின் திரை வடிவம். ஆக, மேடையில் நிற்காமலே மேடையின் எழுத்தில் பழகித்தான் அவர் உள்ளே வந்தார். தமிழுக்கு வந்தபோதும் எதிரே நின்றவர்கள் நாடகக் கொட்டகையில் வளர்ந்தவர்கள். 1948இல் ‘ராஜமுக்தி’யில் எம்.கே. தியாகராஜ பாகவதர், 1949இல் ‘ரத்னகுமார்’ படத்தில் பி.யு. சின்னப்பா. ‘ராஜமுக்தி’யில் வி.என். ஜானகிக்கு எம்.எல். வசந்தகுமாரி பின்னணி பாடினார். பானுமதிக்கு அப்படி யாரும் தேவைப்படவில்லை. பின்னணிப் பாடகிகளின் பொற்காலத்திலும் தன் பாட்டைத் தானே பாடுவது என்பதை அவர் விட்டுக்கொடுக்கவே இல்லை. ‘மதுரை வீரன்’ பொம்மியானாலும் சரி, ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ படத்தின் மார்ஜியானா ஆனாலும் சரி, முகமும் குரலும் ஒரே ஆளுடையவை.

அப்படியானால் அவருக்கு எந்த வேஷம்?

முதலில் வள்ளிதான். முருகனோடு சேரும் கடைசிக் காட்சிக்காக இல்லை, நாரதரோடு நடக்கும் தர்க்கத்துக்காக. எதிராளி ஒரு சொல் சொன்னால் அதைத் திருப்பி அவர் மீதே போடும் பேச்சுத்திறன் பானுமதியின் இயல்பு. எம்.ஜி.ஆர். எதிரே ‘நாடோடி மன்னன்’ படத்தில் நின்றாலும், சிவாஜி எதிரே ‘அம்பிகாபதி’யில் நின்றாலும் காட்சி ஒருபக்கம் சாய்வதில்லை. திரைக்கு வெளியேயும் அப்படித்தான். ‘அத்தகாரி கதலு’ என்று மாமியாரை மையமாக வைத்து அவர் தெலுங்கில் எழுதிய நகைச்சுவைக் கதைகளை ஆந்திரத்தில் வீட்டுக்கு வீடு படித்தார்கள். எழுதிய வசனத்தை ஒப்பிக்கும் நடிகைக்கு ஸ்பெஷல் நாடகத்தில் வேலை இல்லை. அந்த நிமிஷத்தில் பதில் சொல்லக்கூடிய மூளை வேண்டும். எழுதத் தெரிந்த, இசையமைக்கத் தெரிந்த, 1953இல் ‘சண்டிராணி’யை மூன்று மொழிகளில் இயக்கத் துணிந்த ஒருவருக்கு நாரதர் பெரிய எதிராளி இல்லை.

இரண்டாவது, சாவித்திரி. சங்கரதாஸ் சுவாமிகளே எமன் வேஷம் கட்டி வந்தபோது, அந்த உக்கிரத்தைப் பார்த்த ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைந்துபோனதாகவும், அந்த வருத்தத்தில் அவர் வேஷம் கட்டுவதையே நிறுத்திவிட்டதாகவும் நாடக உலகில் ஒரு கதை வழங்குகிறது. அத்தனை பயங்கரமான எமனிடம் அழாமல் வாதாடி வெல்லும் பெண்தான் சாவித்திரி. இந்த வேஷத்தைக் கண்ணீரால் நிரப்பிவிடுகிறவர்கள் அதிகம். பானுமதியின் துயரம் வேறு மாதிரி. 1962இல் வந்த ‘அன்னை’யில் வளர்ப்பு மகனை இழந்துவிடுவோமோ என்று அஞ்சும் தாயாக வருகிறார். பயத்தை அதிகாரமாக மாற்றிக்கொள்கிற பெண் அவள். எமனுக்கு முன்னால் நிற்கவேண்டியதும் அந்தத் தோரணைதான். 1941இல் ஒய்.வி. ராவ் எடுத்த ‘சாவித்திரி’ படத்தில் மராத்தியரான சாந்தா ஆப்தே, தமிழ் கற்றுக்கொண்டு வந்து நாயகியாக நடித்தார். தாய்மொழி தமிழில்லை என்பது பானுமதிக்கும் தடையாக இருந்திருக்காது. தமிழ்ச் சொல்லை மென்று துப்பாமல் சுத்தமாகப் பாடியவர் அவர்.

அல்லி வேஷமும் அவருக்காகவே காத்திருந்ததுபோல் இருக்கிறது. மதுரையை ஆண்ட, ஆணுக்கு அடங்காத அரசி அல்லி. அர்ஜுனன் பாம்பாக உருமாறி வந்து, தூங்கும்போது தாலி கட்டிவிடுகிறான். விழித்து, கழுத்தைத் தொட்டுப் பார்த்து, அவள் பாடவேண்டிய பாட்டில் ஆத்திரமும் அவமானமும் ராஜகம்பீரமும் ஒன்றாக வந்தாக வேண்டும். வேறு நடிகைகள் அந்த ஆத்திரத்தைச் சீக்கிரம் காதலாகக் குழைத்துவிடுவார்கள். பானுமதி அவ்வளவு எளிதில் அர்ஜுனனை மன்னித்திருப்பார் என்று நினைக்க முடியவில்லை.

நல்லதங்காள் அவருக்குப் பொருந்தாது. ஏழு குழந்தைகளையும் கிணற்றில் தள்ளும் அந்தத் தாய்க்கு ஒப்பாரி பழகிய, உடைந்து சிதறுகிற குரல் வேண்டும். பானுமதியின் குரலில் ஒரு கட்டுப்பாடு எப்போதும் உண்டு. இன்னொரு தயக்கமும் நியாயமானது. அவர் பாடியது ஸ்டுடியோ மைக்குக்கு. சின்னச் சின்ன குழைவுகளும் மூச்சின் ஓசையும் அதில் அழகாக விழுந்தன. சுந்தராம்பாள் காலத்துக் கொட்டகையில் அந்த நுணுக்கங்கள் மூன்றாவது வரிசையைத் தாண்டியிருக்காது. மைக் வந்துவிட்ட பிந்தைய நாடக மேடைதான் அவருக்கு ஏற்ற இடம். அங்கேயும் இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை சுருதி இறங்காமல் நிற்பது தனிப் பயிற்சி. ஒரு பாட்டை ஒரு நாள் முழுக்கப் பதிவு செய்யும் வசதியில் பழகியவர் அதற்காக நிறைய உழைத்திருக்க வேண்டும்.

வயது ஏறிய பிறகு கட்ட அவருக்கு ஒரு வேஷம் இருக்கிறது: நாரதர். அதற்கு முன்னுதாரணமும் உண்டு. மேலே சொன்ன 1941 ‘சாவித்திரி’யில் நாரதராக நடித்தவர் எம்.எஸ். சுப்புலட்சுமி. ‘கல்கி’ இதழைத் தொடங்கப் பணம் தேவைப்பட்டதால் ஒப்புக்கொண்ட ஆண் வேஷம் அது. தம்பூராவைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவர் பாடியபோது அது ஆணா பெண்ணா என்று யாரும் கேட்கவில்லை. சென்னை அரசு இசைக் கல்லூரிக்கு முதல்வராக இருந்த காலத்துப் பானுமதியை, பாடத் தெரிந்த ஓர் இளம் வள்ளிக்கு எதிரே நாரதராக நிறுத்திப் பார்க்கலாம். மடக்கும் கேள்விகள் எல்லாம் அவர் பக்கம், அவிழ்க்கவேண்டிய பாடு வள்ளிக்கு.