பெரிய மீனை விட்டுவிடுங்கள்!

தூண்டிலில் சிறிய மீன் சிக்கினால் நீரில் விட்டுவிடுவோம். பெரியது சிக்கினால் மகிழ்ச்சியுடன் எடுத்துக்கொள்வோம். இதுதானே வழக்கம்? ஆனால் பெரியதை விடச் சொன்ன ஏரி ஒன்றின் வரலாற்றைக் கேளுங்கள்.

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் உள்ளது ரெட் லேக் ஏரி. அதன் பெரும்பகுதி ஓஜிப்வே பழங்குடியினருக்கு உரியது. அங்கு 'வால்ஐ' என்னும் நன்னீர் மீன் வாழ்கிறது. இருளில் ஒளி பட்டால் இதன் கண்கள் பளபளக்கும். முதல் உலகப் போரின்போது, 1917இல், உணவுத் தேவைக்காக இந்த ஏரியில் வணிக மீன்பிடிப்பு தொடங்கிற்று. பல்லாண்டுகள் அளவின்றி அள்ளியதன் விளைவு யாது? 1990களின் நடுவில் மீன்வளம் சரிந்தது. 1997இல் பழங்குடி மீனவர்கள், வருவாய் போயினும் ஏரி பிழைக்கட்டும் என்று, தாமாகவே வலைகளைக் கரையேற்றினர். 1999இல் மாநில அரசும் தடை விதித்தது. கோடிக்கணக்கான குஞ்சுகள் ஏரியில் விடப்பட்டன.

2006இல் தடை நீங்கியபோது மாநிலப் பகுதியில் புதிய விதி வந்தது. ஒருவருக்கு 2 மீன்களே. அவற்றிலும் 17 முதல் 26 அங்குலம் வரை நீளமுள்ளவற்றை நீரிலேயே விட்டுவிட வேண்டும். ஏன்? முட்டையிடும் தாய் மீன்கள் பெரும்பாலும் இந்த அளவினவே. உடல் பெருத்தால் முட்டைகளும் பெருகும்.

சரி, தாய் மீன்களே மிகுந்துவிட்டால்? அவை இளம் மீன்களின் இரையைப் பறிக்கும். தம் இனக் குஞ்சுகளையே விழுங்கவும் செய்யும்! எனவே தாய் மீன்கள் போதிய அளவு பெருகியதும் விதி படிப்படியாகத் தளர்த்தப்பட்டது.

ஆம், வாசகர்களே! மீன்வளத்திற்கு என்றும் மாறாத ஒரே விதி இல்லை. ஏரியை ஆண்டுதோறும் அளந்தறிந்து, அதற்கேற்ப விதியைத் திருத்துவதே அறிவியல் வழி.