புதுக் கண்ணாடி போட்டதும் தலை சுத்துதா? கழற்றி வெச்சுடாதீங்க!

முதல்ல ஒரு சின்ன டெஸ்ட். இந்த வரியைப் படிச்சுக்கிட்டே போனை இடதும் வலதுமா வேகமா ஆட்டுங்க. எழுத்து கலங்கிடும். அடுத்து, போனை அசைக்காம, அதே வேகத்துல தலையை மட்டும் 'இல்லை இல்லை'ன்னு ஆட்டுங்க. இப்போ எழுத்து நிக்குது, படிக்கவும் முடியுது இல்லையா?

காரணம், உங்கள் காதுக்குள் இருக்கிறது. தலை திரும்பியதும் உட்காதில் இருக்கும் அரைவட்டக் குழல்கள் அதை உணர்ந்து மூளைத்தண்டுக்குத் தகவல் அனுப்பும். உடனே கண்கள் அதே அளவுக்கு எதிர்ப்பக்கம் திரும்பிவிடும். எல்லாமே ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு நேரத்துக்குள். நீங்க யோசிச்சு செய்யறதில்லை, இது அனிச்சைச் செயல்.

கண்ணாடி இந்தக் கணக்கில்தான் கை வைக்கிறது. மைனஸ் பவர் லென்ஸ் காட்சியைச் சுருக்கிக் காட்டும். மைனஸ் 4 என்றால், தலை திரும்பும் அளவைவிடக் கண் சுமார் 10 சதவிகிதம் குறைவாகத் திரும்பினாலே போதும். ஆனால் அனிச்சைக்கு இது தெரியாது. பழைய கணக்குப்படியே கண்ணைத் திருப்பிவிடும். அதனால், திரும்பும்போதெல்லாம் சுவரும் தரையும் லேசாக நகர்வது போலத் தோன்றும். நாம் 'கிறுகிறுன்னு வருது' என்கிறோம். பிளஸ் பவருக்கு இதெல்லாம் தலைகீழ்.

காட்சி நழுவுவதைக் கவனித்து, கண் எவ்வளவு திரும்ப வேண்டும் என்று திருத்தி எழுதுவது சிறுமூளை. அது எவ்வளவு தூரம் போகும் தெரியுமா? கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மெல்வில் ஜோன்ஸும் கோன்ஷரும் 1976-ல் வெளியிட்ட ஆய்வில், இடது வலதை மாற்றிக் காட்டும் பட்டகங்களை 4 பேர் அணிந்தார்கள். ஒருவர் விடாமல் 27 நாள்கள்! முதலில் அனிச்சையின் வேகம் குறைந்துகொண்டே வந்தது. நாள் போகப் போக, இருட்டில் தலையைத் திருப்பினாலும் கண்கள் கிட்டத்தட்ட எதிர்த்திசையில் போக ஆரம்பித்தன. கழற்றிய பிறகு பழையபடி ஆகவும் வாரக்கணக்கில் ஆனது.

அதோடு ஒப்பிட்டால் உங்க பவர் மாற்றம் ஜுஜுபி. ஆனா ஒரு கண்டிஷன். தலை அசைஞ்சு, காட்சி நழுவினால்தான் மூளைக்குத் தப்பு தெரியும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படுத்தே ரீல்ஸ் பார்த்தால் பாடமே நடக்காது. வீட்டுக்குள் நடங்க, சுற்றிப் பாருங்க. 'தலைவலிக்குது'ன்னு மணிக்கொரு தரம் பழைய கண்ணாடிக்குத் தாவினால், பழக நாளாகும். பழகும் வரை பைக்கைத் தொடாதீங்க, படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடிச்சுக்கோங்க.

பெரும்பாலானவர்களுக்குச் சில நாள்களில் சரியாகிவிடும். இரண்டு வாரம் தாண்டியும் சுற்றினால் மூளையைக் குறை சொல்லாதீங்க. பவரோ, சிலிண்டர் கோணமோ, லென்ஸின் மையமோ தப்பாக இருக்கலாம், கடையில் மறுபடி அளக்கச் சொல்லுங்க. கண்ணாடி போடாதபோதும் திடீரென உலகமே சுற்றினாலோ, ஒரு பொருள் இரண்டாகத் தெரிந்தாலோ, உடனே டாக்டரைப் பாருங்கள்.

கான்டாக்ட் லென்ஸில் இந்தத் தொல்லை இல்லை. அது கண்ணோடு சேர்ந்தே திரும்புவதால் பழைய கணக்கே செல்லும். ஆபீஸுக்கு லென்ஸ், வீட்டில் கண்ணாடி என மாற்றி மாற்றிப் போடுபவரா நீங்க? கொஞ்ச நாளில் சிறுமூளை இரண்டு கணக்கையும் வைத்துக்கொள்ளும். கண்ணாடி மூக்கில் ஏறியதும் எதை எடுப்பது என்று அதற்கே தெரியும்.