ஒரு நம்பர்ல போச்சு!

லாட்டரின்னாலே 'பேராசை'ன்னு ஒரே வார்த்தையில தீர்ப்பு சொல்லிடறோம். அது பாதிக் கதைதான் மக்களே. மீதிப் பாதி, ஆட்டத்தை வடிவமைச்சவன் போட்ட கணக்கு.

1968-ல அண்ணா முதல்வரா இருந்தப்போ தமிழக அரசு பரிசுச்சீட்டு வந்துச்சு. 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு'ன்னு பிரசாரம். சீட்டு வாங்கினா குலுக்கல் நாள் வரைக்கும் காத்திருக்கணும். அதுக்குள்ள மனுஷனோட சூடு ஆறிடும். அப்புறம் தினக் குலுக்கல், ஒரு நம்பர் லாட்டரி, சுரண்டல் லாட்டரி எல்லாம் வந்துச்சு. சுரண்டின உடனே ரிசல்ட். கடையை விட்டு நகராமலே அடுத்த சீட்டு. கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஷிப்ட் முடிஞ்சு சம்பளத்தோட வர்ற ஆளுக்கு ஆறுறதுக்கு நேரமே கிடையாது. ஒரு நம்பர் குலுக்கல் கூடாதுன்னு 1998-ல மத்திய சட்டமே வந்துச்சு. 2003 ஜனவரியில ஜெயலலிதா அரசு மொத்த லாட்டரிக்கும் தடை போட்டுச்சு.

அமெரிக்காவுல இந்த வேகத்தை எப்பவோ பிடிச்சிட்டாங்க. 19-ஆம் நூற்றாண்டுக் கடைசியில சார்லஸ் ஃபே செஞ்ச 'லிபர்ட்டி பெல்' மெஷின்ல மூணு சக்கரம். கைப்பிடியை இழுத்தா சில நொடியில முடிவு. 1984-ல இங்கே டெல்னஸ்ங்கிறவர் ஒரு காப்புரிமை வாங்கினார். அதுல முடிவை எடுக்கறது கம்ப்யூட்டர், சக்கரம் சும்மா காட்சிக்கு. பார்க்கிறவனுக்கு ஜாக்பாட் கிட்டத்துல இருக்கிற மாதிரி தெரியும். உள்ளே நிஜ வாய்ப்பு அதைவிட ரொம்பக் கம்மி. ஜாக்பாட் படம் கோட்டுக்கு ஒரு படி மேலயோ கீழயோ அடிக்கடி நிக்கிற மாதிரியும் அமைக்கலாம்.

ஸ்கின்னர்ங்கிற உளவியல் அறிஞர் புறாக்களை வெச்சு ஒண்ணு கண்டுபிடிச்சார். எத்தனையாவது கொத்துக்குத் தீனி விழும்னு தெரியாம வெச்சா, புறா விடாம கொத்திக்கிட்டே இருக்கும். நம்மாளு 'சே, ஒரு நம்பர்ல போச்சு'ன்னு அடுத்த சீட்டு வாங்கினதும் இதேதான். யோசிச்சுப் பாருங்க, ஒரு நம்பர்ல போனாலும் ஒம்பது நம்பர்ல போனாலும் போனது போனதுதான். ஆனா மனசு மட்டும் அதைத் தோல்வியா எடுத்துக்காது, 'கிட்ட வந்துட்டோம்'னு எடுத்துக்கும்.

கடை போனதும் ஆட்டம் செல்போனுக்கு வந்துச்சு. கும்மிடிப்பூண்டியில மின்சார ரயில் ஏறினா சென்ட்ரல் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். அதுக்குள்ள எத்தனை ஆட்டம் ஆடலாம்! தமிழக அரசு 2022-ல ஒரு சட்டம், நாடாளுமன்றம் 2025-ல ஒரு சட்டம்னு போட்டாச்சு. தடை வேணும்தான். ஆனா, தோத்தவனைப் பார்த்து 'உனக்குப் பேராசை'ன்னு திட்டறதை விட, 'அந்த மெஷின் உன்னைத் தோக்கடிக்கவே செஞ்சது'ன்னு புரிய வைக்கிறது மேல். திட்டினா மறைச்சு ஆடுவான். புரிஞ்சா ஒருவேளை நிறுத்துவான்.

நீங்க என்ன நினைக்கிறீங்க?