பகையே உணவான கதை

முட்டையினின்று வெளிவரும் கடல்மீன் குஞ்சுக்கு மஞ்சட்கருவே சில நாள் கட்டுச்சோறு. அது தீருமுன் வாய்க்கு அடங்கும் உயிருணவு கிட்டாவிடின், குஞ்சு மடியும். மீன் வளர்ப்போர் பல்லாண்டு தடுமாறிய இடம் இதுவே.

1930களில் அமெரிக்காவில் ஆல்வின் சீலும், நார்வேயில் குன்னர் ரோலெஃப்சனும் ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர் உயிரின் குஞ்சு நல்லுணவாதலைக் கண்டனர். ஆயினும், ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் நீளமுள்ள அதுவும் பல மீன்குஞ்சுகளின் வாய்க்குப் பெரிதாயிற்று.

விடை ஜப்பானிய விலாங்குக் குளங்களில் இருந்தது. அங்கே ரோட்டிஃபர் என்னும் நுண்ணுயிர் பெருகினால், நீரைப் பசுமையாக்கும் நுண்பாசியைத் தின்று தீர்த்துவிடும். பாசியற்ற நீரில் பிராணவாயு குறையும். விலாங்குகள் மூச்சுத் திணறும். ஆதலின் வளர்ப்போர் அதனைப் பகையென்றே கொண்டனர். தகாஷி இட்டோ என்னும் அறிஞரோ, அப்பகையையே வளர்த்து மீன்குஞ்சுக்கு ஊட்டலாம் என 1960-இல் காட்டினார். அதன் நீளம் 0.1 முதல் 0.3 மில்லிமீட்டர், மெல்ல நீந்துவதால் குஞ்சு எளிதிற் பற்றும்.

இன்று நம் கொடுவா மீன் பொரிப்பகங்களிலும் குஞ்சின் முதற்கவளம் ரோட்டிஃபரே. இவ்வரலாற்றைப் படித்தபோது நான் உணர்ந்தது ஒன்று: கேடு செய்வதை அழிக்குமுன், அதன் இயல்பை அறிதல் வேண்டும். இட்டோ அறிந்தார், எண்ணிறந்த குஞ்சுகள் பிழைத்தன.